சத்தம் போடாத மரம்

சமாதானம் என்று சொல்லிக்கொண்டே இராணுவம், இயக்கம் என்று இரண்டு தரப்பும் துவக்கைத் தோளில் போட்டபடி நின்ற காலம் அது. குச்சவெளியில் எங்கள் மீனவர் சங்கத்துக்கு ஒரு வள்ளமும் மிஞ்சவில்லை. புதிதாக ஒன்று கட்ட, வன இலாகா தன் தேக்கந்தோட்டத்தில் இரண்டு மரம் தறிக்க அனுமதி தந்தது. மரத்தைப் பார்த்தெடுக்கும் பொறுப்பைச் சங்கம் என் தலையில் கட்டியது. சண்டை பிடிக்கத் தெரிந்தவள் நான்தானாம்.

முதல் மரத்தை அழகு பார்த்து எடுத்தேன். வள்ளம் கட்டக் கிண்ணியாவிலிருந்து வந்த ஓடாவி, பட்டையில் இருந்த புடைப்பைத் தடவி, "தங்கச்சி, இது எனக்குப் புடிக்கல்ல" என்றார். நான் கேட்டால்தானே! தறித்து, மரக்காலைக்குக் கொண்டுபோய் அரியக் கொடுத்தோம். பாதி அரிந்ததும் வாள் பல்லுடைந்து நின்றது. உள்ளே, சண்டையில் வந்து வெடித்த செல் குண்டின் இரும்புத் துண்டு. எந்தப் பக்கத்துச் செல் என்று ஒருவரும் கேட்கவில்லை. மரக்காலைக்காரர் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னார்:

"அக்கா, இன்னொருக்கா இப்பிடி நடந்தா உங்கட மரம் ஒண்டும் இஞ்ச அரிய ஏலாது."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சங்கத்து ஆம்பிளைகள் என் காதுபடவே முணுமுணுத்தார்கள். வெட்கத்தில் உயிர் போய்விட்டது. மிச்சம் ஒரே மரம். அதுவும் பிழைத்தால் வள்ளம் இல்லை.

மறுநாள் தெருவோரம் மிதிவெடி தேடிக்கொண்டிருந்த ஒரு பெட்டையிடம் போய், இரும்பு கிட்டினால் கத்தும் அவளுடைய கருவியோடு தோட்டத்துக்கு வரச்சொல்லிக் கேட்டேன்.

"அன்ரி, இது நிலத்துக்குத்தான்."

"மரமும் நிலத்திலதானே பிள்ளை நிக்குது?"

சிரித்துவிட்டாள். பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். எல்லாருக்கும் பிடித்த நெடுமரத்தில் கருவி கத்தியது. பக்கத்து மரத்திலும் கத்தியது. ஒன்பதாவது மரம் கொஞ்சம் வளைந்தது, ஒருவரும் திரும்பிப் பார்க்காதது. உழவு மெசின் இழுத்துவந்த பெட்டியில் ஏறி நின்று கை எட்டிய உயரம்வரை பார்த்தாள். சத்தமே இல்லை. இந்தமுறை நானாகவே ஓடாவியைக் கூப்பிட்டேன். அவர் சுற்றிச் சுற்றித் தடவிவிட்டு, "ஓம் தங்கச்சி, இத எடுங்க" என்றார்.

மரக்காலையில் வாளுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அது அடியிலிருந்து நுனிவரை தடங்காமல் போனது. மரக்காலைக்காரர் பலகையைத் தட்டி, "இனி உங்கட மரம் எண்டா யோசிக்காமக் கொண்டாங்கோ அக்கா" என்றார். எல்லாருக்கும் முன்னால் அழுதேன். பெருமையில்தான் அழுதேன்.

பெண்பிள்ளை முதலில் ஏறினால் வள்ளத்துக்கு ஆகாது என்பது எங்கள் கரையில் நம்பிக்கை. கடலில் இறக்கிய அன்று ஆம்பிளைகள் தள்ளத் தொடங்கியபோது நான் உள்ளே ஏறி இருந்துகொண்டேன். என்னையும் சேர்த்தே தள்ளினார்கள்.