திருகில் வைத்த சாந்துப் பொட்டு

மாமாவின் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயரைப் போட மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். அதற்காக, தென்காசியில் இருந்த தாத்தா வீட்டு வாசலை எங்கள் வீட்டில் ஒருவரும் மிதிக்கக் கூடாது, போனிலும் பேசக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நாங்கள் இருந்தது குற்றாலத்தில். பஸ் ஏறினால் கால் மணி நேரம். அம்மா தன் அப்பாவைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதற்குப் பெயர் மானம் மரியாதையாம். எனக்கு அப்போது பத்து வயது. பெரியவர்களின் மானம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு வேண்டியது கம்ப்யூட்டர்.

எண்பதுகளில் குற்றாலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். இருந்தது. சித்தப்பாவும் மாமாவும் ஒரே காலேஜில் படித்தவர்கள். குடும்பச் சண்டையை அவர்கள் இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை. கப்பலில் வேலை பார்த்த அவர்களுடைய கூட்டாளி, வெளிநாட்டில் யாரோ கழித்துப்போட்ட இரண்டு கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்தான். பரீட்சை அட்டை அகலம்தான் இருக்கும். அதை டிவியில் செருக வேண்டும். எங்கள் டிவியில் வேறெதுவும் ஒழுங்காகத் தெரியாது. அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

அந்த மெஷின் தன்னிடம் உள்ளதையெல்லாம் சத்தமாக்கி, சேமித்து வைக்க டேப் ரிக்கார்டருக்கு அனுப்பும். சத்தம்தானே, அதை டெலிபோனில் அனுப்பினால் என்ன என்று இரண்டு பேருக்கும் தோன்றிவிட்டது. சித்தப்பா பழைய இரும்புக் கடையில் கறுப்பு டெலிபோன்களை எடைக்கு வாங்கி வந்தார். அவற்றின் வாயையும் காதையும் கழற்றி, ஒரு பழைய ரேடியோவோடு சேர்த்து மரப்பெட்டிக்குள் வைத்து, எங்கள் வீட்டு போனோடு இணைத்தார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பெட்டிக்கு வெளியே ஒரு திருகு. தாத்தா வீட்டில் மாமாவும் இதேபோல ஒன்று செய்தார்.

சித்தப்பா அனுமதி கேட்டபோது அப்பா வெகுநேரம் யோசித்தார்.

“மெஷினும் மெஷினும் பேசட்டும். மனுஷங்க பேசினா ஒயரை அறுத்துருவேம்லே, பாத்துக்கோ.”

எங்களுக்கு மாடியில் லாட்ஜ், கீழே வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் லாட்ஜை ஆளிடம் விட்டுவிட்டு அப்பா பேப்பரோடு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். காவலுக்கு.

சீசன் நேரம். சாரல் பிடித்தால் லைனில் ஒரே இரைச்சல். சத்தம் கூடினால் கர்ரென்று உடையும். குறைந்தால் இரைச்சலில் முங்கிவிடும். அதனால் முதலில் ஒருவர் பெட்டிக்கு முன்னால் ஒண்ணு, ரெண்டு என்று எண்ண வேண்டும், மறுமுனையில் ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டும், அதை வைத்துத் திருகை நிறுத்த வேண்டும். சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒயரிலேயே கை. ஆகவே இங்கே எண்ண அம்மா, அங்கே கேட்கத் தாத்தா.

நான் எண்ணுகிறேன் என்றேன். சின்னப்பிள்ளைக் குரல் கீச்சென்று இருக்கும், அளவு தப்பிப்போகும் என்றார் சித்தப்பா. நம்பினேன். எண்ணுவது பேச்சில் சேருமா என்று அப்பாவும் யோசித்துப் பார்த்துவிட்டு, சேராது என்று முடிவு செய்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

பெட்டிக்குள்ளிருந்து தாத்தா குரல் வரும். “கேக்கல. மொதல்ல இருந்து சொல்லு.”

மறுபடி ஒண்ணு. பத்து வரைக்கும் போனால், ஒம்பது சரியாக விழவில்லை என்பார். அம்மா ஒம்பது என்பாள். “இன்னொருக்கா” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிழவருக்குக் காது போய்விட்டது என்றே நினைத்தேன்.

என் குரங்கல்லவா காத்திருந்தது! அருவிக்கு வந்தவர்களிடம் பன்னைப் பிடுங்கித் தின்னும் எங்கள் தெருக் குரங்கைக் கட்டம்போட்ட தாளில் வரைந்து, கட்டம் கட்டமாக மெஷினில் ஏற்றியிருந்தேன். எண்ணி முடித்ததும் சித்தப்பா பொத்தானை அமுக்குவார். கீய்ய்ய் என்று நீளமாக ஒரு சத்தம், அப்புறம் கரகரவென்று ஒரு அலறல். டிவி ஓரமெல்லாம் கோடுகள் ஓடும். என் குரங்கு கம்பி வழியாகத் தென்காசிக்குப் போய்க்கொண்டிருக்கிறது! ஒருமுறை மாடியில் தங்கியிருந்தவர் தலை நிறைய எண்ணெயோடு இறங்கி வந்து, பன்றி அறுக்கிறீர்களா என்று கேட்டார்.

எல்லாம் முடிந்ததும் மாமா சித்தப்பாவிடம் சொல்வார்: “மாப்ளே, கொரங்குக்கு வால் வரல.” அடுத்த வாரம் தலை வராது. எண்ணி முடித்த பிறகு சித்தப்பாவின் கை பட்டுத் திருகு நகர்ந்துவிடும்.

நான் ஒன்றைக் கவனித்தேன். எவ்வளவு எண்ணினாலும் திருகு கடைசியில் வந்து நிற்பது ஒரே இடம். இத்தனை படித்த சித்தப்பாவுக்கு இது தெரியவில்லையே என்று அவர்மேல் கோபம் வந்தது. அம்மாவின் சிவப்புச் சாந்து பாட்டிலை எடுத்து, திருகில் ஒரு பொட்டும் அதற்கு நேராகப் பெட்டியில் ஒரு பொட்டும் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, “நீ போம்மா, இனிமே எண்ண வேண்டாம்” என்றேன். பொட்டைக் காட்டினேன். அப்பா பேப்பரை இறக்கி எட்டிப் பார்த்தார்.

“இந்த வீட்ல மூளை உள்ளவ இவ ஒருத்திதாம்லே.”

சித்தப்பா குனிந்து ஒயரை நோண்ட ஆரம்பித்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பொட்டுக்கு நேரே பொட்டு. கீய்ய்ய். பெட்டிக்குள்ளிருந்து மாமா கத்தினார்: “வந்துட்டு மாப்ளே! வாலு, காது, பல்லு, எல்லாம் வந்துட்டு.” நான் குதித்தேன். தம்பியைத் தூக்கிச் சுற்றினேன். தென்காசியில் ஒரு டிவிக்குள் என் குரங்கு உட்கார்ந்திருக்கிறது! அம்மாவிடம் சொல்ல ஓடினேன். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

“தாத்தா பக்கத்துல இருந்தாவளா?”

எனக்கென்ன தெரியும் என்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு பொட்டு இல்லை. திருகிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. வேறு யார், தம்பிதான். முதுகில் இரண்டு வைத்தேன். நான் இல்லக்கா, நான் இல்லக்கா என்று அழுதான். சாரல் ஈரத்தில் அழிந்திருக்கும் என்றார் சித்தப்பா. வீட்டுக்குள் ஏது சாரல்? மறுபடி வைக்கலாம் என்று பாட்டிலைத் தேடினால் அதையும் காணோம். தீர்ந்துபோச்சு என்றாள் அம்மா. அன்றைக்கு நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள்.

“எண்ணுங்க மதினி,” என்றார் சித்தப்பா.

அம்மா பெட்டி முன்னால் வந்து உட்கார்ந்தாள். முந்தானை நுனியில் சிவப்பாகக் கறை. இருந்த எரிச்சலில் அவள்மேலும் பாய்ந்தேன். “சாந்தைப் பாத்து வைக்க மாட்டியாம்மா? சேலையெல்லாம் ஈஷிக்கிடக்கு பாரு.”

அம்மா அந்த நுனியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

“ஒண்ணு,” என்றாள் அம்மா.

“கேக்கல,” என்றார் தாத்தா. “மொதல்ல இருந்து சொல்லு.”

எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் இரண்டு பேருக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியவில்லை என்று அந்த சீசன் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.