செல்லக்கிளி சொன்ன சேவல்

1979ஆம் வருஷத் தைப் பொங்கலுக்குச் சீர் கொடுக்கக் கப்பலூரிலிருந்து திருவாதவூர் போயிருந்த காளை, தங்கச்சி செல்லக்கிளி மாமியாரோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்துக் கரும்புக்கட்டை இறக்கவும் மறந்துபோனான். அவளுக்குக் கல்யாணமாகி நாலே மாதம்.

கிணற்றில் விழுந்து பிழைத்த மகன் சிவனாண்டிக்காக, வீட்டிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த சேவல் ஒன்றைப் பங்குனியில் கருப்பசாமிக்குக் கொடுப்பதாக மாமியார் ஒச்சாயி நேர்ந்திருந்தாள். விலைக்கு வாங்கியது ஆகாது. பருந்துக்குப் போனது போக, நாற்பது நாள் குஞ்சு இரண்டுதான் மிச்சம். ஒச்சாயி இரண்டையும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். கறுப்பு விறைப்பாகத் தலையைத் தூக்கியது. செவலை துவண்டு கிடந்தது.

“தலையத் தூக்குதுல்ல, இதுதான் சேவல். மத்தது பெட்டை. மேலூருக்கு மககிட்ட குடுத்து விட்டுருவோம்.”

“இல்லத்தே, கறுப்புதான் பெட்டை. அதுக்குள்ள வாலும் முதுகு இறகும் நிறைஞ்சுபோச்சு. செவலைக்கு முதுகு இன்னும் வெறிச்சுன்னு கிடக்கு. கொண்டை செவந்திருக்கு பாருங்க.”

“கேட்டீங்களா தம்பி? உங்க தங்கச்சி அம்புட்டுக் கோழியையும் கூப்பிட்டு விசாரிச்சிருக்கா.”

காளைக்குத் தங்கச்சியைத் தெரியும். பிறந்த வீட்டில் முப்பது கோழி வளர்த்தவள், சேவலா பெட்டையா என்று ஒன்றைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. ஆனாலும் இது மாமியார் வீடு. “சும்மா இரு தாயி,” என்றான் மெதுவாக.

ஒச்சாயி கறுப்பின் காலில் சாமிக்கென்று மஞ்சள் நூலைக் கட்டினாள்.

செல்லக்கிளி தடுக்கவில்லை. “சரித்தே. செவலையைப் பங்குனி வரைக்கும் எங்கிட்ட விடுங்க. பெட்டையா இருந்தா நானே மேலூருக்குக் கொண்டுபோறேன்.”

பங்குனியில், சாமி கும்பிடுக்கு நாலு நாள் முன்னால், முதல் பஸ்ஸில் காளை மறுபடி போனான். தெருவில் திரும்பும்போதே காதில் விழுந்தது. குப்பைமேட்டில் நின்று, உடைந்த குரலில் செவலை கூவிக்கொண்டிருந்தது. நூல் கட்டிய கறுப்பு கீழே மண்ணைக் கிளறியது. காளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒச்சாயி கறுப்பின் காலிலிருந்த நூலை அவிழ்த்து மருமகளிடம் நீட்டினாள். “நீயே கட்டு. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அந்நேரம் பக்கத்து வீட்டுக்காரி கூடை நிறையக் குஞ்சுகளோடு வந்தாள். சேவலா பெட்டையா என்று பார்க்க, ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கப் போனாள்.

“ஏ, தொங்கவிடாத,” என்றாள் ஒச்சாயி. “கூடையை இறக்கி வையி. எம்மருமக முதுகப் பாத்துச் சொல்லுவா.”