நாலு மணி டீக்குப் பிறகு

போன வாரம் என் மகன் கப்பல் சுற்றுலாவுக்குச் சீட்டு எடுத்திருப்பதாகச் சொல்லி ஒரு வழவழப்பான தாளை நீட்டினான். காலை எட்டு மணிக்குக் கப்பல் ஒரு தீவில் நிற்குமாம். இறங்கி ஊரைச் சுற்றலாமாம். ஐந்து மணிக்குள் திரும்பாதவர்களை விட்டுவிட்டுப் போய்விடுமாம். கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "என்னப்பா சிரிக்கீங்க?" என்றான். "ஒண்ணுமில்லலே" என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் சொன்னால் என்ன?

எழுபதுகளில் நான் தூத்துக்குடியில் ஒரு தோணி முதலாளியிடம் கிளார்க்காக இருந்தேன். நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கடலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி, ஆனால் வாய் மட்டும் ஏழு கடல் தாண்டும். என் நச்சரிப்பு தாங்காமல் முதலாளி ஒரு தடவை, வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் புறப்பட்ட பாய்த்தோணியில் என்னையும் ஏற்றிவிட்டார். காகித வேலைகளை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. முதல் இரண்டு நாள் நான் பார்த்ததெல்லாம் ஒரு வாளியைத்தான். அதற்குள் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.

தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். எங்கள் தண்டல் திரேஸ்புரத்துச் சந்தியாகு. ஐம்பது வயது, இடி மாதிரிக் குரல், ஒரே மகள். அந்த மகளுக்கு ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு மாதா கோயிலில் கல்யாணம். காற்று ஏமாற்றியதில் மாலித் துறைமுகத்துக்குப் போய்ச் சேரவே நாள் கூடிவிட்டது. கோயிலில் இரண்டு ஞாயிறு இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண ஓலை வாசித்தபோதும் பெண்ணைப் பெற்றவர் நடுக்கடலில் இருந்தார். "ஓலதான் கேக்க முடியல, தாலி கட்டுததயாவது பாக்கணும்லா" என்று பாயைப் பார்த்துச் சொல்வார். பாயிடம்தான் சொல்வார், எங்களிடம் இல்லை.

சரக்கு இறக்கி முடிந்தது கல்யாணத்துக்கு முந்தின புதன் இரவு. வியாழன் காலை தண்டல் என்னைக் கூப்பிட்டார். "ஏலே, காத்து திரும்பிட்டு. நாளைக்கு விடிய பாய் ஏத்துனா அஞ்சு நாளு, புதன் காலைல நம்ம ஊரு. நாளைக்கு வெள்ளிக்கிழம, இங்கன ஆப்பீசு கெடையாது. இன்னைக்கே பொறப்பாட்டுச் சீட்டுல கையெழுத்து வாங்கிரு. பெறகு ஊரு சுத்து." சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கரையில் இறங்கினேன்.

இங்கேதான் என் சாமர்த்தியம் வேலை செய்தது. எங்கள் ஆபீசில் தலைமைக் கிளார்க்கு எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை இது: "காலைல போனா ஆப்பீசரு கடிப்பான். நாலு மணி டீக்குப் பெறகு போ, பேனாவ அவனே எடுப்பான்." தூத்துக்குடியில் இரண்டு வருஷம் இது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. பொய்க்காத வித்தையைத் தீவில் மட்டும் விடுவானேன்?

ஆகவே ஊர் சுற்றினேன். தெருவெல்லாம் வெள்ளை மணல், சுவரெல்லாம் பவளக்கல். மூக்கு வழியாகவே எங்கேயும் போகலாம், மாசிக் கருவாட்டு வாசனை அப்படி. என்னவோ குறைகிறதே என்று வெகுநேரம் யோசித்த பிறகுதான் தெரிந்தது, ஊரில் ஒரு நாய்கூடக் கிடையாது. மூன்று பள்ளிவாசல்களைப் பார்த்துவிட்டதாக நினைத்தேன். ஒரே பள்ளிவாசலை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஊர் அவ்வளவுதான். டீக்கடையில் மேசை நிறையத் தின்பண்டத் தட்டுகளை வைத்தார்கள். தின்றதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்பது அந்த ஊர் வழக்கம். எனக்கு யார் சொன்னார்கள்? வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதையில்லை என்று, தேங்காயும் மாசியும் அடைத்த உருண்டைகள் அத்தனையையும் தின்று தீர்த்தேன். கடைக்காரர் என்னைப் பயபக்தியோடு பார்த்தார்.

நாலேகாலுக்கு ஆபீசுக்குப் போனால் கதவில் பூட்டு. அந்த ஊரில் ஆபீசு மத்தியானத்தோடு சரியாம். இனி சனிக்கிழமைதான். சனிக்கிழமை புறப்பட்டால் வியாழக்கிழமை. கல்யாணம் புதன்கிழமை. தண்டல் பாயிடம் பேசியது காதில் கேட்டது.

டீக்கடைக்காரரிடமே ஓடினேன். சீட்டைக் காட்டினேன், பூட்டை அபிநயித்தேன். அத்தனை உருண்டை தின்றவன்மேல் அவருக்கு ஒரு பிரியம் விழுந்திருக்க வேண்டும். கடையை அப்படியே விட்டுவிட்டு அதிகாரி வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அதிகாரி முற்றத்து ஊஞ்சலில் குழந்தையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். கொழும்பில் படித்தவர், அந்த ஊர்த் தமிழ் பேசினார். ஆபீசு அவருக்குக் கந்தோர்.

"கந்தோர் பூட்டியாச்சு தம்பி. காலமை ஏன் வரயில்லை?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "டீக்குப் பெறகு வந்தா நீங்க நல்ல மனசா இருப்பீங்கன்னு நெனைச்சேன் சார்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை அழுதுவிட்டது. பிறகு, "சனிக்கிழமை வாரும்" என்றார்.

"சார், புதன்கிழம எங்க தண்டல் மகளுக்குக் கல்யாணம்."

ஊஞ்சல் நின்றது. "எத்தினை பிள்ளையள்?"

"ஒரே மக சார்."

குழந்தையை மனைவியிடம் கொடுத்தார். இடுப்புச் சாரத்துக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு போய், பூட்டைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்தி, மை காய ஊதியும் கொடுத்தார். நான் நன்றி சொல்லத் தமிழ் தேடுவதற்குள் போய்விட்டார்.

புதன்கிழமை ஒன்பது மணிக்குத் தோணி கரை சேர்ந்தது. உப்புப் பூத்த சட்டையோடு தண்டல் கோயிலுக்கு ஓடினார், மாற்றுச் சட்டை வழியிலேயே யாரோ கொடுத்தது. பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "இந்தப் பய அன்னைக்கு மொத வேலையா சீட்ட வாங்கலன்னா நான் இங்கன இருந்திருக்க மாட்டேன்!" என் இலையில் கறியை அள்ளி அள்ளி வைத்தார். சாப்பிட்ட பிறகு தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, அடுத்த நடை போய் வரட்டும் என்று நினைத்தேன். பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. எப்போது ஊருக்கு வந்து பார்த்தாலும், "ஏளா, யாரு வந்திருக்கான்னு பாரு!" என்று மகளைக் கூப்பிடுவார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வராது.

பாய்த்தோணிகளுக்கு எஞ்சின் வந்தது. பாய் கழன்றது, மரம் கழன்றது. சந்தியாகுத் தண்டலும் போய்ச் சேர்ந்தார். சேதி எனக்கு ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. முழுசாக இருபது வருஷம் இருந்தது எனக்கு, அவரிடம் உண்மையைச் சொல்ல. நல்ல சமயம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.