அயர்லாந்துக்கு நான் கொடுத்த ஆட்டுக்கல்

1. திங்கட்கிழமை மெயில்

சீட்டில் பையை வைப்பதற்குள் ஜயன் சார் கூப்பிட்டுவிட்டார். அவர் எங்கள் புராஜெக்ட் மேனேஜர், கொல்லத்துக்காரர். சாதாரணமாக மலையாளத்தில் பேசுவார். என்னைத் திட்ட வேண்டும் என்றால் மட்டும், எனக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பிவிடக் கூடாது என்று தமிழுக்கு வருவார்.

"தாணு, இங்க வாங்க. இந்த மெயில வாசிங்க. உறக்கெ வாசிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

தமிழ். சரி, வசமாக மாட்டியிருக்கிறேன் என்று புரிந்தது.

மெயில் அயர்லாந்திலிருந்து வந்திருந்தது. அங்கே ஒரு மாவட்டத்து வரலாற்றுச் சங்கம், நூறு வருஷத்துக்கும் மேலாக ஆண்டு மலர் போட்டுவருகிறது. அந்தப் பழைய மலர்களை ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, வலையில் ஏற்றித் தரும் வேலை திருவனந்தபுரத்தில் எங்கள் கம்பெனியிடம் வந்திருந்தது. மெயில் எழுதியவர் சங்கத்தின் செயலாளர் நோரா அம்மையார். சாராம்சம் இதுதான்:

பக்கங்கள் நன்றாக வந்திருக்கின்றன, நன்றி. மூன்றாம் தொகுதி, நான்காம் படத்தின் விவரணையை எழுதியவர் யார்? எங்கள் ஊர்ப் புனிதக் கல்லைச் சமையலறைச் சாமான் என்று தீர்மானிக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வெள்ளிக்கிழமை எங்கள் கமிட்டி கூடுகிறது. இந்த வேலையை உங்களிடம் தொடர்வதா, வேறு கம்பெனிக்குக் கொடுப்பதா என்று அன்று முடிவாகும். சம்பந்தப்பட்ட நபர் வீடியோவில் வந்து விளக்கம் தர வேண்டும்.

சம்பந்தப்பட்ட நபர் உரக்கப் படித்து முடித்தபோது பை இன்னும் அவர் தோளிலேயே இருந்தது.

"வேற புராஜெக்ட் ஒண்ணும் கையில இல்ல," என்றார் ஜயன் சார். "இது போனா உங்க டீம் ஆறு பேரும் வேலையில்லாம பெஞ்ச். பெஞ்ச்ல எத்தன நாள் இருத்துவாங்கன்னு உங்களுக்கே அறியும்."

ஆறு பேரில் ஷீபாவுக்கு வேலை நிரந்தரமாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. போன வெள்ளிக்கிழமைதான் ஆபீஸுக்கு லட்டு கொண்டுவந்தாள். நான் இரண்டு தின்றிருந்தேன்.

2. நான் எழுதியது என்ன

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். வலையில் ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு வரி எழுதி வைப்போம். பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. பார்வையில்லாத வாசகர் அந்த இடத்துக்கு வரும்போது கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுப் படிக்கும். ஸ்டைல் ஷீட்டில் இதற்கு ஒரே விதிதான்: படத்தில் இருப்பதைச் சொல், உன் அபிப்பிராயத்தைச் சொல்லாதே. இந்த விதியை வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்கு லேசர் பாயின்டரை ஆட்டி ஆட்டி நடத்துகிற ஆள் நான்தான்.

அயர்லாந்து மலர்கள் என்னைக் கெடுத்துவிட்டன. அந்தக் காலத்தில் அங்கே பாதிரியார், டாக்டர், ரிட்டயர்டு மேஜர் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை மழையில் குடையும் நாடாவுமாகக் கிளம்பி, இடிந்த தேவாலயங்களை அளந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஒரு குட்டிச்சுவரின் நீளம் பற்றி இரண்டு பேர் ஆறு மலர்களுக்கு அடிக்குறிப்பில் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவர் அளந்தது வெளிப்பக்கம், மற்றவர் அளந்தது உள்பக்கம் என்று ஒரு மூன்றாம் ஆள் எழுதினார். உடனே இருவரும் சமாதானமாகி, சேர்ந்து அவரைத் திட்டினார்கள்.

படிக்கப் படிக்க எனக்கும் அந்தப் பித்து ஏறிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் அயர்லாந்தின் வட்டக் கோபுரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். "மொட்டமாடி டேங்கு ஒழுகுது, முதல்ல அந்த வட்டத்தப் போயிப் பாருங்க," என்றாள் மனைவி. மேதைகளுக்கு வீட்டில் மரியாதை இருக்காது என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் நான்காம் படம் வந்தது. ஓடைக்கரையில் பாசி பிடித்த ஒரு பாறை. அதில் வட்டமாக இரண்டு குழிகள். புல்லான் கல் என்று அங்கே பெயர். அதில் தேங்கும் மழைத்தண்ணீரைத் தொட்டு வைத்தால் மரு உதிரும் என்று ஊர் ஜனங்கள் நம்புகிறார்களாம். எதற்காகக் குடைந்தது என்பது இன்னும் தெரியவில்லை, விவாதம் தொடர்கிறது என்று கட்டுரை முடிந்திருந்தது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாகர்கோவிலில் என் வீட்டுப் பின்கட்டில் கிடந்த சாமானை வைத்துக்கொண்டு ஒரு தேசமே தலையைச் சொறிகிறதே! விவாதத்தை முடித்துவைக்கும் பொறுப்பு என்மேல் விழுந்துவிட்டதாகத் தோன்றியது. ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: 'கையால் மாவாட்டும் கல். இரட்டைக் குழி. குழவி காணவில்லை.'

ஒருவர் எழுதினால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சரிபார்த்தவள் ஷீபா. அவளுடைய குறிப்பு ஒரே வார்த்தை: 'நைஸ்'. பிறகு கேட்டதற்கு, "எங்க வீட்லயும் ஒண்ணு கிடக்குது சாரே. கண்டப்பவே மனசிலாயி. பின்னே எந்து சம்சயம்?" என்றாள். தோசை தின்கிற இரண்டு பேரை வைத்துச் சரிபார்த்தால் எந்தப் பாறையும் ஆட்டுக்கல்தான்.

இதில் இன்னொரு சனியனும் இருந்தது. அந்தக் கமிட்டியில் டெக்லன் என்று ஒருவர், இந்தக் குழிகள் தானியம் அரைக்க வெட்டியவை என்று வருஷக்கணக்காக வாதாடுகிறவர். நோரா அம்மையார் மருந்துத் தண்ணீர்க் கட்சி. என் வரியை எப்படியோ பார்த்துவிட்ட டெக்லன், 'இந்தியப் பழம்பொருள் ஆய்வாளர் ஒருவர் என் கருத்தைத் தனியாகவே உறுதிசெய்துள்ளார்' என்று உறுப்பினர் அத்தனை பேருக்கும் மெயில் தட்டிவிட்டார்.

3. பதவி உயர்வு

ஜயன் சார் மத்தியானத்துக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"தாணு, நீங்க இனி கல்லு எக்ஸ்பர்ட்."

"சார், நான் பி.காம்."

"அது அவங்களுக்கு அறியுமோ? தப்புன்னு சம்மதிச்சா வேல போயி. எக்ஸ்பர்ட்டுன்னா, அது அபிப்பிராயம். அந்த டெக்லன் நம்ம சைடு. பாக்கி நாலு பேர வளைக்கணும். ஒரு அசல் ஆட்டுக்கல்லு கொண்டு வாங்க. அரைச்சுக் காட்டுங்க. தீர்ந்நு."

கல்லுக்கு எங்கே போவது? கரமனையில் ஃபிளாட்டுக்கு மாறும்போதே எங்கள் கல்லை யாருக்கோ கொடுத்தாயிற்று. ஆரியசாலையில் நாலு பாத்திரக் கடை ஏறி இறங்கினேன். "கல்லா? டேபிள் டாப் கிரைண்டர் இருக்கு, டில்ட்டிங் இருக்கு. தேங்கா துருவுற செட்டு ஃப்ரீ," என்றார் ஒரு அண்ணாச்சி. கடைசியில் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் எனக்குத் தெரிந்த மாமி வீட்டுக் கொல்லையில் ஒன்று கிடைத்தது. அதன் தலையில் ஒரு மணி பிளான்ட் தொட்டி உட்கார்ந்திருந்தது.

"எதுக்கு? ஆபீஸ்ல தோசை போடறேளா?"

"இல்ல மாமி. அயர்லாந்துக்காரங்களுக்குக் காட்டணும்."

"ஏன், அவாத்து மிக்ஸி ரிப்பேரா?"

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எடுத்துண்டு போங்கோ. இடுப்பைப் பிடிச்சுண்டா நான் ஜவாப்தாரி இல்லை," என்றாள்.

ஆட்டோவில் ஏற்றி ஆபீஸ் கேட்டுக்குக் கொண்டுவந்தால் செக்யூரிட்டி தடுத்தான்.

"இதெந்தா சாரே?"

"கல்லு."

"கல்லாணென்னு கண்டா அறியும். லேப்டாப் லிஸ்ட்ல இல்லல்லோ. சீரியல் நம்பர் பறயணும்."

கல்லுக்குச் சீரியல் நம்பர் கிடையாது என்பதை அவனுக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. அவனுக்குப் புரிந்தது. கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் பாஸ் அச்சாகாது. கடைசியில் என் பிறந்த தேதியைப் போட்டோம். கல்லுக்கு ஒரு ஸ்டிக்கர், குழவிக்கு ஒரு ஸ்டிக்கர். லிஃப்டில் நானும் கல்லும் ஏறியதும் அது பாரம் தாங்காமல் கூவத் தொடங்கியது. கல்லை இறக்கினேன். அப்போதும் கூவியது. என்னை இறக்கியதும் நின்றது.

4. வெள்ளிக்கிழமை, மூன்றரை மணி

டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் கமிட்டியின் ஆறு முகங்கள். நோரா அம்மையார் நரைத்த குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. டெக்லன் பச்சைக் கம்பளிச் சட்டையில், ஜெயித்த வேட்பாளர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் பேசினேன். மாவு, மனிதன், நாகரிகம் என்று என்னென்னவோ வந்தது. டெக்லன் கை தட்டினார். நோரா அம்மையார், "சரி, அரைத்துக் காட்டுங்கள்," என்றார்.

கேன்டீனிலிருந்து ஊறவைத்த அரிசியும் உளுந்தும் வாங்கி வைத்திருந்தேன். தரையில் உட்கார்ந்தேன். கேமராவில் நான் காணாமல் போனேன். ஷீபா லேப்டாப்பைக் கீழே சாய்த்துப் பிடித்தாள். குழவியைப் பிடித்துச் சுற்றினேன். குழவி அசையவில்லை. நான் சுற்றினேன். வீட்டில் அம்மா ஆட்டுவதைத் தின்றிருக்கிறேனே தவிர, நான் ஆட்டியதில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்தது. இன்னொரு தம் பிடித்தேன். டை மாவுக்குள் போய்க் குழவிக்கு அடியில் சிக்கியது. என் தலை மெதுவாகக் கல்லை நோக்கி இறங்கியது.

டீ கொண்டுவந்த பேச்சியக்கா அதைப் பார்த்துவிட்டாள். அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கேன்டீனில் எங்கள் நாக்கெல்லாம் அவள் கையில். டிரேயை மேஜையில் வைத்தாள்.

"ஏ அண்ணாச்சி, எந்திரிங்க. பாக்கச் சகிக்கல."

டையை உருவி என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். வலது கை சுற்ற, இடது கை மாவைத் தள்ள, கல் கடகடவென்று பாடியது. திரையில் ஆறு பேரும் கேமராவை நெருங்கி வந்தார்கள். டெக்லன் எழுந்தே நின்றுவிட்டார். நாற்காலிக்குத் திரும்பியிருந்த என் முழங்காலை மேஜைக்கு அடியில் ஜயன் சார் தட்டினார். ஜெயித்துவிட்டோம்.

அந்த நேரம் பார்த்து நோரா அம்மையார் நான்காம் படத்தைத் திரையில் போட்டார். பேச்சியக்கா நிமிர்ந்தாள்.

"அது என்னது?"

"அதும் ஆட்டுக்கல்லுதான் அக்கா. அயர்லாந்துல."

"எது, இதா? எந்தக் கூறுகெட்டவன் சொன்னான்?"

"நான்தான்."

கையைக் கழுவிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"ரெண்டு குழியும் ஒட்டிக் கெடக்கு. ரெண்டு பொம்பள எதுத்தாப்புல உக்காந்து ஆட்டுனா மண்டையும் மண்டையும் மோதும். ஒருத்திதான் ஆட்டுவான்னா ரெண்டு குழி என்னத்துக்கு? விளிம்பு இந்தப் பக்கம் சாஞ்சு கெடக்கு, மாவு பூராவும் ஓடைக்குத்தான் போவும். உக்கார எடமும் இல்ல, காலத் தண்ணிக்குள்ள போடணும். இதுல எவ ஆட்டுவா? அண்ணாச்சிக்கு மாவும் தெரியல, கல்லும் தெரியல."

"அந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் நோரா அம்மையார்.

ஜயன் சார் திரையைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல், "அக்கா சம்மதிச்சுன்னு பற," என்றார். அப்படிச் சொன்னால் வேலை எங்களிடமே தங்கும். ஷீபா லேப்டாப்பைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். ஆறு பேர் சோறு என் வாயில் இருந்தது.

ஆனால் இருபத்திரண்டு வருஷம் புரூஃப் திருத்தியவன் நான். பிழையைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போகும். இதை நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம், தொழில் வியாதி. மண்டை மோதுவதிலிருந்து கடைசி வரி வரைக்கும், எனக்குக் கிடைத்த பட்டத்தையும் சேர்த்து, அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். 'கூறுகெட்டவன்' என்பதற்கு மட்டும் சரியான வார்த்தை கிடைக்காமல் என்னையே சுட்டிக் காட்டினேன். நான் எக்ஸ்பர்ட் இல்லை, கணக்குப் படித்தவன் என்றும் சொன்னேன். ஜயன் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் சிரித்தது நோரா அம்மையார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். டெக்லன் விடவில்லை. "அப்படியானால் அந்தக் குழிகள் எதற்கு? மருவுக்கா? அந்த அம்மாவைக் கேளுங்கள்!"

கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க போயிருக்கனா? தெரியலன்னா தெரியலன்னு எழுத வேண்டியதுதான? அதுக்கு எதுக்கு ஆறு பேரு?" டிரேயை எடுத்தாள். "டீ ஆறுது."

அதையும் மொழிபெயர்த்தேன். திரையில் இரண்டு கட்சிக்கும் முகம் சுருங்கியது. தங்கள் மைக்கை அணைத்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். நாங்கள் அரைத்த மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு நோரா அம்மையார் வந்து சொன்னார்: "எங்கள் சங்கத்தில் ஒருவர் தன் தவறை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. வேலை உங்களிடமே இருக்கட்டும். இரண்டு நிபந்தனை. நான்காம் படத்துக்குப் புதிதாக எழுத வேண்டும். அந்த மண்டை மோதும் வாதத்தை, அந்த அம்மாவின் பெயரோடு, அடுத்த மலரில் குறிப்பாகப் போட அனுமதி வேண்டும்."

டெக்லன் அதற்கு மறுப்பு எழுதப்போவதாக அங்கேயே அறிவித்தார்.

5. திருத்திய வரி

அன்று சாயங்காலமே எழுதினேன்: 'ஓடைக்கரையில் பாசி படர்ந்த பாறை. மேல்பக்கம் அடுத்தடுத்து இரண்டு வட்டக் குழிகள். இரண்டிலும் தண்ணீர் நிற்கிறது.' ஷீபா இந்த முறை 'நைஸ்' போடவில்லை. 'பாறை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அதையும் சேர்க்கவும்' என்று எழுதினாள். சேர்த்தேன்.

அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆகிறேன். என் சீட்டுக்கு வரப்போகிறவருக்குச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் வரியைக் காதால் கேட்கிற வாசகர் அந்தப் பாறையைத் தடவிப் பார்க்க உங்கள் வார்த்தையைத் தவிர வேறு வழியில்லை. குழி எத்தனை, எந்தப் பக்கம் சாய்வு, தண்ணீர் உண்டா என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். மருவா, மாவா என்று அவரும் நூறு வருஷச் சண்டையில் சேர்ந்துகொள்ளட்டும். அவருக்கு முன்னால் நாமே தோசை சுட்டு வைத்துவிடக் கூடாது.