பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

கடைசி எண்ணிலிருந்துதான் அவள் தொடங்குவாள். தரவரிசைப் பட்டியலின் கடைசித் தாளை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே ஓர் அட்டைத் துண்டை வைத்து, அதை வரி வரியாக மேலே நகர்த்திக்கொண்டே வாய்க்குள் படிப்பாள். பதிவெண், மதிப்பெண், பிறந்த தேதி. முதல் இடத்துக்கு வந்து சேர்வதற்குள் மேசையில் இருக்கும் தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்திருக்கும். அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். மற்றவர்களைப் போல மேலிருந்து படித்தால் என்ன என்று கேட்டால், "மேலேருந்து படிச்சா கண்ணு நம்பிடும். கீழேருந்து போனாத்தான் சந்தேகப்படும்" என்பாள்.

ஆட்சேர்ப்புத் தேர்வு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது தரவரிசைப் பிரிவு. பிரிவு என்று பெயர்தானே தவிர, இரண்டு கணினி, ஓர் இரும்பு அலமாரி, அவள், அவ்வளவுதான். கணினிகளுக்காக அறையைக் குளிரவைத்திருப்பார்கள். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாற்பதைத் தாண்டியவள். புள்ளியியல் படித்தவள். பேச்சில் சிக்கனம். அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அது தனக்குத் தெரியும் என்பதை அவள் மறைப்பதில்லை. தபால் பிரிவு எழுத்தர், வயதில் மூத்தவர், கோப்புகளோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு, "சல்லடையில இன்னிக்கு என்ன நிக்குது?" என்று கேட்பார். "நீங்கதாண்ணே நிக்கிறீங்க. கொஞ்சம் வெளிச்சத்த விடுங்க" என்பாள்.

பொத்தானை அழுத்தினால் வரிசை கொட்டும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பொத்தான் உண்டு. அதை அழுத்தும் நேரம் வருவதற்குள் அவளுக்குக் கண் எரிந்துவிடும். தப்பான கேள்விகளைத் தள்ள வேண்டும். காலையில் எழுதியவர்களுக்கு வினாத்தாள் கடினம், மாலையில் எழுதியவர்களுக்கு எளிது என்றால், இரண்டு கூட்டத்தையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும். அப்போது மதிப்பெண்கள் புள்ளிக்குப் பின்னால் நீண்டுகொண்டே போகும். வால் எவ்வளவு நீளமானாலும் அவள் நறுக்க மாட்டாள். "நறுக்கினா ரெண்டு பேரு சமமாயிடுவாங்க. இல்லாத சண்டைய நாமளே மூட்டி விட்டதாயிடும்." உண்மையிலேயே சமமாக வந்துவிட்டால் முதன்மைப் பாடத்தின் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் வயதில் மூத்தவர் முன்னால். "பஸ்ல எழுந்து சீட்டு குடுக்கறோமே, அந்த மாதிரிதான்" என்று புதிதாக வரும் அலுவலர்களுக்கு விளக்குவாள்.

இதற்கெல்லாம் அவளே கணினி நிரல் எழுதியிருக்கிறாள். அதில் ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் சலிப்பது, பிறகு எண்ணுவது. வயதைப் பொய்யாகச் சொன்னவர், பட்டம் முடிக்காதவர், இரண்டு விண்ணப்பம் போட்டவர் எல்லாரும் முதலில் கழிவார்கள். மிஞ்சியவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் விழும். கழிந்தவர் இருந்த தடமே தெரியாது. நிரல் எழுதிய காலத்தில் அதைத்தான் அழகு என்று நினைத்தாள்.

கல்யாண வீடுகளில் அவளைச் சுற்றி எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். சித்தப்பா மகனுக்கு வேண்டியவர் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரரின் மருமகள் ஒருத்தி. கொஞ்சம் பார்த்துச் சொல்லக்கூடாதா என்பார்கள். தனக்கு ஆளே தெரியாது, நம்பர்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள். சாப்பிட்டிருக்கக்கூட மாட்டாள்.

இந்த ஆண்டு அவளிடம் ஒரு புதிய பழக்கம் சேர்ந்திருக்கிறது. லிஃப்டில் ஏறிக் கதவு மூடியதும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகிறாள். மூன்றாவது மாடி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். அவளுடைய அப்பா பொதுப்பணித் துறையில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்தில் ஏறினாலும் கயிறு ஓடும் சத்தத்துக்குக் காது கொடுத்து, "இதுக்கு எண்ணெய் போட்டு மாசக் கணக்காச்சு" என்று யாரிடமோ புகார் சொல்வதுபோல் சொல்வார். வருடத்தின் தொடக்கத்தில் மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. அவள் அழுததை அலுவலகத்தில் யாரும் பார்க்கவில்லை. விடுப்பு முடிந்து வந்தாள், கணினியைத் திறந்தாள். குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு என்று அப்பாவின் பெயரை எங்கெங்கே எடுக்க வேண்டுமோ அங்கெல்லாம் பிழையில்லாமல் எடுத்து முடித்தாள்.

குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மாவை ஓய்வூதிய அலுவலகத்துக்கு அழைத்துப் போனபோது, சுவரில் அந்த மாதப் பட்டியல் ஒட்டியிருந்தது. அப்பாவின் வரிசை எண் அம்மாவுக்கு மனப்பாடம். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு தேடினாள்.

"உங்கப்பா நம்பர்ல வேற யாரோ உக்காந்திருக்காங்களே."

"கம்ப்யூட்டர் அப்படித்தாம்மா. ஒருத்தர எடுத்தா கீழ இருக்கறவங்க மேல ஏறிடுவாங்க."

"அப்ப எடுத்த இடமே தெரியாதா?"

"தெரியாது."

அம்மா திரும்பும் வழியெல்லாம் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே வந்தாள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் அந்த வெல்டர் வந்தார். பட்டியல் வெளியாக இரண்டு நாள் இருந்தது. தபால் எழுத்தர் அவரை அழைத்துவந்தபோது வழக்கமான கேலி எதுவும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெல்டருடைய முன்கைகளில் பொறி பட்ட தழும்புகள் வெள்ளை வெள்ளையாக இருந்தன. கையில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் அவர் மகளின் தேர்வு நுழைவுச் சீட்டு, சான்றிதழ்களைச் சரிபார்க்க வரச்சொல்லி இந்த அலுவலகம் அனுப்பிய கடிதம், இறப்புச் சான்று.

தேர்வு எழுதி ஒன்றரை மாதத்தில் பெண் போய்விட்டாள். காய்ச்சல் என்றுதான் மருத்துவமனைக்குப் போனார்களாம். பிறகு கடிதம் வந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறார்களே, பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று சான்றை எடுத்துக்கொண்டு நேரில் வந்திருக்கிறார். இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

"வேலையெல்லாம் கேக்க வரலம்மா. வேலைக்குப் போறதுக்கு ஆள் இல்ல. நாலு வருஷம் ஒரே மேசைல உக்காந்து படிச்சிச்சு. எத்தனாவதா வந்திச்சுன்னு தெரிஞ்சா போதும்."

"வெளியிடறதுக்கு முன்னால சொல்லக்கூடாதுங்க."

"சரிம்மா. லிஸ்ட்டு ஒட்டுவீங்கல்ல? அதுலயே பாத்துக்கறேன்."

பிளாஸ்டிக் உறையிலிருந்து இறப்புச் சான்றை எடுத்து, மடிப்பை நீவி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். அந்தத் தாளைக் கொடுப்பதால்தான் மகள் பட்டியலில் இருக்கமாட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். வாங்கிக்கொண்டாள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வைத்தாள். வாங்காமல் இருக்க முடியாது. அறுபது பணியிடம், அறுபத்தொன்றாவதாக ஒருவர் காத்திருக்கிறார். அவருக்கும் வீட்டில் ஒரு மேசை இருக்கும்.

அவர் போன பிறகு நிரலை ஓட்டிப் பார்த்தாள். சலிப்பதற்கு முன், அந்தப் பெண் பதினொன்றாவது. சலித்த பின், பன்னிரண்டாவதாக இருந்தவன் பதினொன்றாவதாக ஏறியிருந்தான். அவனுக்குக் கீழே எல்லாரும் ஒரு படி ஏறியிருந்தார்கள். எந்தப் பிழையும் இல்லை. ஆனாலும் நிரலில் இரண்டு கட்டளைகளை இடம் மாற்றினாள். அந்தப் பெண்ணின் பதிவெண்ணுக்கு மட்டும், முதலில் எண்ணுவது, பிறகு எடுப்பது. மறுபடி ஓட்டினாள். பத்து வந்தது. அடுத்துப் பன்னிரண்டு வந்தது. பட்டியலில் அறுபது பேர் இருந்தார்கள். கடைசி ஆளின் எண் அறுபத்தொன்று.

தாளை எடுத்துக்கொண்டு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அறைக்குப் போனாள். அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருப்பவர். அதுவரை தொலைபேசி மணி அடிக்காமல் இருந்தால் போதும் என்று வெளிப்படையாகவே சொல்பவர். தாளைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினொண்ணு எங்கம்மா?"

சொன்னாள்.

பாவம்தான் என்றார் அவர். ஆனால் இப்படி ஓட்டை விட்டு வெளியிட்டால் யாரையோ மறைத்துவிட்டதாகப் பேசுவார்கள், அறுபது இடத்துக்கு அறுபத்தொன்று எப்படி வந்தது என்று மனு போடுவார்கள். காலம் காலமாகக் கழித்துவிட்டுத்தானே எண் போடுகிறோம் என்று கேட்டார். அவள் விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். தகுதியில்லாதவர்களை நீக்கிய பின் வரிசை எண் இட வேண்டும் என்று இருந்தது. இறந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"அந்தப் பொண்ணு தகுதியில்லாதவ இல்ல சார். பரீட்சை எழுதினா, மார்க் வாங்கினா, பதினொண்ணாவதா வந்தா. வேலைக்கு வர முடியல. வேலைய எடுத்து அடுத்த ஆளுக்குக் குடுத்தாச்சு. அவ வாங்கின இடத்த எடுத்து யாருக்குக் குடுக்கறது?"

அவர் எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. வீட்ல நடந்தத இங்க கொண்டு வர்றியோ?"

"ஆமா சார். கொண்டுதான் வந்திருக்கேன்." தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "கணக்கு சரியா இருக்கான்னு நீங்க பாருங்க."

அவர் பார்த்தார். யாருக்காவது வேலை போகிறதா என்று கேட்டார். இல்லை. யாராவது யாரையாவது முந்துகிறார்களா? இல்லை. பெயரைப் போட்டுக் காரணம் எழுதப் போகிறாளா? இல்லை, அந்த வீட்டுக் கதை ஊருக்கு எதற்கு. கடைசியில் குறிப்பு எழுதித் தரச்சொல்லி, அதன் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். வரும் தொலைபேசி அழைப்பு ஒவ்வொன்றும் அவள் மேசைக்குத்தான் வரும் என்று நிபந்தனையும் போட்டார். அவள் தலையாட்டினாள். பன்னிரண்டாவதாக வந்த பையன்தான் முதலில் கூப்பிட்டுச் சண்டை போடுவான் என்று தபால் எழுத்தர் பந்தயம் கட்டினார்.

பட்டியல் இப்போதெல்லாம் எல்லார் கைபேசிக்கும் போய்விடுகிறது. ஆனாலும் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. கைபேசியை நம்பாதவர்கள், கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று என்பவர்கள், படம் எடுத்து மாமனாருக்கு அனுப்ப வேண்டியவர்கள் என்று அங்கே எப்போதும் ஒரு கூட்டம் சேரும். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அவள் அதைப் பார்க்க இறங்கியதில்லை. ஒட்டிய பிறகு அது தன்னுடையது இல்லை என்பாள்.

அன்று இறங்கினாள். மேசையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. தபால் எழுத்தரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வெல்டர் பலகைக்கு நேர் முன்னால் நின்றிருந்தார். பட்டறையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், சட்டையில் கரி. மகளின் பதிவெண்ணை ஒரு சீட்டில் எழுதி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து விரலை இறக்கினார். கடைசி வரி வரை வந்தார். மறுபடி மேலே போனார். இரண்டாவது முறை விரல் மெதுவாக வந்தது. பின்னால் இருந்தவர்கள் பொறுமை இழந்து, பார்த்தவர்கள் நகருங்கள் என்றார்கள்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"பதினொண்ணுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். யாரென்று புரிய ஒரு கணம் ஆனது.

"பொண்ணு நம்பர் வராது. சான்று குடுத்துட்டீங்கல்ல, அதனால வராது. பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல பாருங்க. அங்க வேற யாரையும் போடல."

விரல் மேலே போனது. பத்தாவது வரியில் நின்றது. கீழே பன்னிரண்டு. இரண்டுக்கும் நடுவே இருந்த வெள்ளை ஒரு நூல் அகலம்கூட இல்லை. அவருடைய விரலோ தடிமன். இரண்டு வரியையும் மறைத்துக்கொண்டு அது அங்கேயே நின்றுவிட்டது.

"ஆயிரக்கணக்குல எழுதினாங்கன்னு சொன்னிச்சு" என்றார், பலகையைப் பார்த்தபடி. "அதுல பதினொண்ணு."

"ஆமாங்க. நல்ல மார்க்கு."

பின்னால் ஒருவன் பெரியவரே, கையை எடுங்கள் என்றான். இன்னொருவன் தோளைக் கொடுத்து நெருக்கினான். அவர் விரலை எடுக்கவில்லை. அவள் அவருடைய முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, பலகையின் இரும்புச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் அவள் கையின் மேல் வந்து மோதியது. முழங்கையை அவள் மடக்கவில்லை.