பரீட்சை முடியும்வரை

அண்ணன் இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனோடு விளையாடியவர்களுக்கும், அவரிடம் படித்தவர்களுக்கும் வணக்கம். எழுதத் தெரிந்தவர்கள் பலர் இருக்க, தங்கையாகிய என்னையே எழுதச் சொன்னார் எங்கள் தந்தையார். அவரை நாங்கள் ஐயன் என்று அழைப்போம். "அன்னிக்குச் சாளையில கேட்டவ நீதான். நீயே எழுது சாமி" என்றார். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சங்ககிரிக்கு மேற்கே, மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில் அண்ணன் பிறந்தார். மழை பொய்த்த ஆண்டுகளில் கம்மங்கூழைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடியவர். அந்த ஓட்டமே சேலத்துக் கல்லூரியில் அவரைப் பந்தாட்டக் குழுவில் சேர்த்தது. திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போட்டிக்குப் போய் வந்தால் பாடங்கள் விட்டுப்போகும். ஆட்டக்காரர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து போக வேண்டியவர்கள் என்றே ஆசிரியர்கள் எண்ணியிருந்தார்கள்.

குழுவின் தலைவர் இரத்தினம். அம்மாபேட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளை, கணக்கில் புலி. மைதானத்து ஓரப் புளியமரத்தடியில், ஆட்டத்துக்கு முன்னால், எல்லாரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பாராம். "பதில் சொன்னாத்தான் பந்து. இல்லன்னா உக்காந்து வேடிக்கை பாரு" என்பாராம். கல்லூரி விழாவில் நன்றாகப் படித்தவருக்கு ஒரு பதக்கமும் நன்றாக ஆடியவருக்கு ஒரு பதக்கமும் தருவது வழக்கம். இரண்டிலும் சிறந்தவருக்கு என்று ஒரு பதக்கம் வேண்டும் என்று முதல்வரிடமே போய்க் கேட்டவர் அவர். முதலில் தேறிக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சிரித்தாராம் முதல்வர்.

இண்டர்மீடியட் பரீட்சை நெருங்கியபோது, திருச்சிப் போட்டியிலிருந்து திரும்பிய இரத்தினத்தைக் காலரா கொண்டுபோனது. காலையில் படுத்தவர் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். குழு சிதறியது. அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"படிச்சது போதுஞ்சாமி. ஊட்டோட இருந்து பண்ணையத்தைப் பாரு" என்றார் ஐயன். அண்ணன் மறுக்கவில்லை. கிணற்றோரம் இருந்த சாளையில், அந்தச் சிறு கூரைக் கொட்டகையில், பகலெல்லாம் தனியே கிடந்தார்.

ஒருநாள் உச்சி வெயிலில் அவருக்குச் சோறு கொண்டு போனேன். காற்றே இல்லை. கிணற்றில் கவலை என்னும் தோல்சாலால் நீர் இறைத்துக்கொண்டிருந்த எருதுகள் பாதி வழியில் நின்றுவிட்டன. ஆள்காரர் சாட்டையை ஓங்கியும் அவை அசையவில்லை. இரண்டும் சாளையின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே பேச்சுக்குரல். அண்ணன் ஏதோ கணக்கைச் சொல்லிக்கொண்டு வர, நடுவில் இன்னொரு குரல், "இல்ல, மறுபடி சொல்லு" என்றது. மைதானத்தில் கத்திக் கத்திக் கம்மிப்போன குரல். மாரியம்மன் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவரின் குரல் எனக்கு மறக்குமா?

வாசலில் போய் நின்றேன். அண்ணன் ஒருவர்தான் இருந்தார். எதிரே பாய் விரித்திருந்தது. அதில் யாருமில்லை.

"யாருங்கண்ணா பேசுனது?" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் அச்சம் இல்லை. நெடுநாள் சுமந்ததை இறக்கி வைத்தவரைப் போல இருந்தார்.

"உனக்குங் கேட்டுச்சா சாமி? எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு இருந்தேன்."

நான் சோற்றை வைத்துவிட்டு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். பூசாரியை அழைத்துக் கயிறு கட்டி ஓட்டிவிட வேண்டும் என்று ஐயன் புறப்பட்டார். அண்ணன் குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டாதீங்க ஐயா. பரீட்சை முடியட்டுமுங்க."

மறுநாள் ஐயன் தாமே சாளைக்குப் போனார். உள்ளே போகாமல் சுவரோரம் வெகுநேரம் நின்றிருந்துவிட்டு வந்தார். கால் கழுவியவர் அம்மாவிடம், "அந்தப் பையன் தப்பாச் சொன்னா உடமாட்டீங்கறான். படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் படிப்பை நிறுத்தும் பேச்சே எழவில்லை.

சில நாளில் அண்ணன் சேலத்துக்குப் போய், சிதறிய ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து, அதே புளியமரத்தடியில் உட்கார வைத்தார். சாளையில் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளை அவர்களிடம் கேட்டார். எல்லாரும் தேறினார்கள். அண்ணன் முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து வந்த கல்லூரி விழாவில் அந்தப் புதிய பதக்கத்தை அறிவித்தார்கள். முதல்வர் எழுந்து உரக்க அழைத்த பெயர் இரத்தினத்தின் பெயர். முதல்வர் கையிலிருந்த தாளையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்து, "நான் யாரை அழைத்தேன்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாராம். தாளில் இருந்தது அண்ணனின் பெயர்தான். அண்ணன் எழுந்து போய்ப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு, நேரே அம்மாபேட்டைக்கு நடந்தார்.

இரத்தினத்தின் தாயார் வாசலிலேயே நின்றிருந்தார். அண்ணன் பேச வாயெடுக்கும் முன்பே கையை நீட்டினார்.

"குடு தம்பி. காலையிலயே வந்து சொல்லிட்டுப் போயிட்டான்."

அதற்குப் பிறகு அந்தக் குரல் தமக்குக் கேட்கவே இல்லை என்று அண்ணன் சொல்வார்.

திருச்சியில் பட்டம் பெற்று, அண்ணன் சேலத்துக் கல்லூரிக்கே கணித ஆசிரியராகத் திரும்பினார். போட்டியால் விட்டுப்போன பாடத்தை ஆட்டக்காரர்களுக்குத் திரும்ப நடத்த வேண்டும் என்று சக ஆசிரியர்களிடம் மன்றாடி ஏற்பாடு செய்தார். விழா மேடையில் அவர்கள் அடித்த கோல்களோடு வாங்கிய மதிப்பெண்ணையும் வாசிக்கச் செய்தார். போர் முடிந்த பின் வந்த குடற்காய்ச்சல் அவரை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து படுக்கையில் தள்ளியது. "பசங்க எல்லாரும் தேறிட்டாங்களா?" என்பதே காய்ச்சலிலும் அவர் பேச்சாக இருந்தது. பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே அவர் கேள்வி நின்றுவிட்டது.

பணம் வாங்க மறுத்த சங்ககிரி மருத்துவருக்கும், இரவு பகல் பாராமல் அண்ணிக்குத் துணையிருந்த பங்காளி வீட்டாருக்கும், மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டியைச் சேலத்திலிருந்து ரயிலில் சுமந்து வந்து, பிறகு தோள் மாற்றித் தோள் மாற்றிப் பாடையையும் சுமந்த ஆட்டக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

அவர் போய்ச் சில நாளில் பரீட்சை முடிவு வந்ததும் அந்தப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லாரும் தேறியிருந்தார்கள். நடுப்பகல். அம்மா ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு, கையில் வெல்லம் வைத்து உள்ளே அனுப்பினார். கடைசிப் பிள்ளையும் படியேறிய பிறகு, வெறிச்சோடிக் கிடந்த வாசலைப் பார்த்து, "ஏஞ்சாமி வெயில்லயே நிக்கறே? நீயும் உள்ள வா" என்றார்.

படியில் நின்றிருந்த பிள்ளைகள் சற்றே ஒதுங்கி, வழி விட்டார்கள்.