வேகம்: ஆறு அடி

எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு வதந்தி கொஞ்ச நாள் ஓடியது. நான் பெண்டாட்டியிடம் தினமும் அடி வாங்குகிறேன் என்று. முழுப் பொய் என்று அதைத் தள்ளிவிட முடியாது. வாங்கினேன்தான். ஆனால் எல்லாம் பகடையில் வாங்கியது.

ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருப்பதால் நானே விவரமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் வேலை பார்த்தபோது கூடத் தங்கியிருந்த பையன்களிடம் ஒரு மேஜை விளையாட்டைக் கற்றுக்கொண்டேன். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "நான் இப்ப அந்தச் சுவரைத் தாண்டறேன்" என்பார்கள். தாண்டினாரா, பல்லை உடைத்துக்கொண்டாரா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். வீட்டிலிருந்தே வேலை என்று ஆகி தருமபுரிக்குத் திரும்பியதும், இதைத் தமிழில், நம்ம ஊர்க் கதையாக ஆடலாமே என்று எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கதையாட்டம் என்று பெயரும் வைத்தேன்.

ஆட்டத்துக்கு நான்கு பேர். கதை சொல்ல நான். செல்போன் கடை வைத்திருக்கும் நண்பன் ஒருவன். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருக்கும் இன்னொருவன். சிலம்பம் சுற்றத் தெரிந்தவன், தெரியும் என்பதை மறக்கவிடாதவன். நான்காவது, என் மனைவி.

அவளுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை இரவு பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஞாயிறு சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவாள். திங்கட்கிழமை விடியற்காலை போனால் என்ன என்று வாராவாரம் கேட்பேன். துணி கிடக்கிறது, தூக்கம் கிடக்கிறது என்று வாராவாரம் பதில் வரும். ஆக எங்கள் குடும்ப வாழ்க்கை என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிலும் பாதியை இந்த ஆட்டத்துக்குக் கொடுத்திருந்தோம். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. கதையில் அவள் ஒரு புளி வியாபாரி. கையில் புளி உலுக்கும் தொரட்டியோடு, நீளக் கழியின் நுனியில் கொக்கி மாட்டிய அதே தொரட்டியோடு, மலைப்பாதையில் தனியாக நடப்பவள்.

சிக்கல் சண்டையில் வந்தது. சித்தேரி மலைப்பாதையில் ஒரு கொள்ளைக்காரன் அவளை மறித்தான். சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்த சண்டை. நான் பின்பற்றியது ஏதோ வெளிநாட்டு விதிகள். ஒரு அடிக்கு நான்கு கணக்கு. கணக்கு முடிந்தாலும் வாத்தியார் விடவில்லை. "இடது கால் முன்னாடி இருக்கறப்ப அந்த வீச்சு எப்படிடா வரும்?" என்று ஒவ்வொரு வீச்சுக்கும் எழுந்து நின்று காட்டினான். சாயங்காலம் ஆனபோது கொள்ளைக்காரன் மேல் இரண்டே இரண்டு அடி விழுந்திருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பகடையை மேஜை மேல் வைத்தாள்.

"என்னோட ஒரு ஞாயித்துக்கெழமையத் தின்னுட்டான் உங்க திருடன். அடுத்த வாரம் டீ போடறதுக்கு முன்னாடி இந்தச் சண்ட முடியலைன்னா, அதுக்கு மறுவாரம் இங்க வர்றதில்லீங்க. வர்ற வழிதான, காரிமங்கலத்துலயே எறங்கி எங்கம்மா வூட்டுல நிம்மதியாத் தூங்குவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் செய்கிறவள்.

அன்றே உட்கார்ந்து சொந்தமாகச் சண்டை விதிகளை எழுத ஆரம்பித்தேன். தமிழில் எழுதுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. அடிப்பதற்கு இத்தனை சொல் வைத்திருக்கிற ஜனம் வேறு எங்காவது இருக்குமா தெரியவில்லை. குத்து, உதை, மொத்து, சாத்து, இடி, குட்டு. ஒவ்வொன்றையும் தனித்தனி வித்தையாக்கினேன். குட்டு வாங்கினால் உயிர் கொஞ்சமாகவும் மானம் நிறையவும் குறையும். 'அறை' என்பதையும் சேர்த்திருந்தேன். "ரெண்டு அறை இருக்கற வூட்டுக்குள்ள நொழஞ்சா மொத்தம் எத்தன அறைடா?" என்று செல்போன் கடைக்காரன் கேட்டதும் எடுத்துவிட்டேன்.

அந்தக் கேள்வியில் நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. புளி வியாபாரிக்கான சீட்டில், ஒரு முறைக்கு எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை இப்படி எழுதினேன்: வேகம்: ஆறு அடி. சீட்டை அவளுக்கு போனில் அனுப்பினேன்.

வார நாள் சாயங்காலங்களில் போனிலேயே ஒத்திகை பார்ப்பதாக ஏற்பாடு. எங்களுடையது வாடகைக்கு எடுத்த மாடிப் போர்ஷன். மொட்டை மாடிப் படியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் காது கேட்கும். கொள்ளைக்காரனாக நான், புளி வியாபாரியாக அவள்.

"உருட்டியாச்சுங்க. உங்களுக்கு ஆறு அடி."

"ஆறா? ஒரே தடவையிலயா?"

"நீங்கதான எழுதியிருக்கீங்க, வேகம் ஆறு அடின்னு. வேகமா ஆறு அடி போட்டுட்டேன்."

"ஐயோ, அது அந்த அடி இல்ல! காலடி, காலடி!"

"காலடியும் உண்டா? அப்பச் சரி, ஒதச்சும் வுடறேன்."

அன்றைக்குக் கொள்ளைக்காரன் ஒரே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தான். "போதும், செத்துட்டேன், வுடு!" என்று நான் கத்தினேன். இப்போதுதான் சண்டை சண்டையாக இருக்கிறது, இப்படியே இருக்கட்டும் என்றாள். முதல் திருடனிலேயே கதை தீர்ந்துபோகுமே என்று நான் மன்றாடினேன். அவள் கேட்கவில்லை. தினமும் கூப்பிட்டுத் தினமும் ஆறு அடி.

படிக்குக் கீழேதான் வீட்டுக்காரம்மா சாயங்காலக் காற்றுக்கு நாற்காலி போட்டு உட்காருவார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நல்ல மனுஷி. முதலில் ரசம் வந்தது. மறுநாள் தைலம் வந்தது. "எங்க வலிக்குதோ அங்க தேச்சுக்க தம்பி. சொல்லிக்கறதுல ஒண்ணும் வெக்கம் இல்ல" என்றார். முதுகுவலிக்காரன் என்று எண்ணிவிட்டார் போல என்று நானும் தேய்த்துக்கொண்டேன். முடி வெட்டப் போனால், "தலையில அடி கிடி ஒண்ணும் இல்லீங்களே, மெசின் போடலாங்களா?" என்று கேட்கிறான். தெருவில் ஆண்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஊரே மரியாதை கொடுக்கிறது என்று பூரித்துப்போயிருந்தேன்.

ஞாயிறு வந்தது. ஆறு அடியா, அடி ஆறா என்ற வழக்கு தீரவில்லை. தொரட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்ணால் ஒரு மூச்சில் ஆறு அடி நகர முடியுமா என்று அளந்தே பார்த்துவிடலாம் என்றான் வாத்தியார். அவன்தான் டேப்பும் கொண்டுவந்தான். தொரட்டிக்குப் பதில் ஒட்டடைக் கம்பை அவள் எடுத்துக்கொண்டாள். நான் சுவரோரம் கொள்ளைக்காரனாக நின்றேன். அவள் கம்பை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வந்தாள். ஐந்து அடியில் கட்டில் தடுத்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

மாமனார், மாமியார், அவர்களுக்குப் பின்னால் வீட்டுக்காரம்மா.

மாமனார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குறுக்கே புகுந்து மகள் கையிலிருந்த கம்பைப் பிடித்தார். "ஏம்மா, வுடும்மா! நம்ம குடும்பத்துல இப்படி உண்டா?"

"வுடுங்கப்பா, இன்னும் ஒரு அடி பாக்கி இருக்குது!" என்றாள் அவள்.

"கேட்டுக்கங்க. போன் போட்டு நான் சொன்னப்ப நம்பலையே!" என்றார் வீட்டுக்காரம்மா.

வாத்தியார் டேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவன் ஏன் மறைத்தான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது. விளக்க வேண்டியவன் நான். "மாமா, நெசமா அடிக்கறதில்லீங்க, போன்லதான்" என்று ஆரம்பித்தேன். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தன நாளா ஒரு வார்த்த வெளிய சொல்லலியே மாப்ள, என்ன கொணம் உங்களுக்கு" என்றார்.

பகடையைக் காட்டி, சீட்டைக் காட்டி, புளி வியாபாரியிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தோம். மாமியார் சிரித்துவிட்டார். வீட்டுக்காரம்மா தைலத்தைத் திருப்பிக் கேட்டார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

"வெளையாட்டோ என்னமோ. வாரத்துல ஒரு நாளு சேந்து இருக்கறீங்க. அன்னைக்கும் சண்டதானா? நீ கொஞ்ச நாளைக்கு ஞாயித்துக்கெழம நம்ம வூட்டுக்கே வந்துரும்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்து, "ரூல் ரெடியாங்க? டீ நேரம் வரப்போவுது" என்றாள். ஒன்றும் ரெடி இல்லை. அடியைக் காலடி என்றால் சண்டை இருட்டும் வரை இழுக்கும். அடியை அடி என்றால் ஒரே முறையில் முடியும், அதற்குமேல் கதையே இல்லை.

அப்போதுதான் மாமனாரின் கையைப் பார்த்தேன். ஒட்டடைக் கம்பை அவர் இன்னும் விடவில்லை. அவர் பிடித்த பிறகுதான் இவள் சத்தம் இரண்டு மடங்கானது என்பது நினைவுக்கு வந்தது. நம் பஸ் ஸ்டாண்டில் நடக்கிற எந்தச் சண்டையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். லுங்கியை மடித்துக் கட்டுவார்கள். "யாருகிட்டப் பேசற?" என்பார்கள். நாலு பேர் வந்து பிடிக்கும்வரை எவனும் கை வைக்க மாட்டான். பிடித்ததும்தான், "என்னைய வுடுங்கடா" என்று வீரம் பொங்கும். இத்தனை வருஷம் பார்த்தும் இதை விதியில் எழுதத் தோன்றாத நான் என்ன கதை சொல்கிறவன்!

அங்கேயே எழுதினேன். மூன்றாவது ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டால், பிடிபட்டவரின் வீரம் இரண்டு மடங்கு. ஆனால் அடிக்க முடியாது. இரண்டு பக்கமும் பிடிபட்டுவிட்டால் சண்டை முடிந்தது. இருவரும் தாங்களே ஜெயித்ததாக ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

"சிலம்பத்துல இது எந்த அடவுடா?" என்று வாத்தியார் முறைத்தான்.

"பஸ் ஸ்டாண்டு அடவு" என்றேன்.

விலக்கிவிடும் ஊர்க்காரராக மாமனாரையே உட்காரவைத்தோம். வேண்டாம் வேண்டாம் என்றவர், பகடை உருண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். புளி வியாபாரி தொரட்டியால் கொள்ளைக்காரன் தலைப்பாகையைக் கொக்கி போட்டு இழுத்தாள். அவன் சீறினான். மாமனார் நிஜமாகவே என் முழங்கையைப் பிடித்து, "போதும் மாப்ள, பொம்பளைகிட்டப் போயி" என்றார். செல்போன் கடைக்காரன் அந்தப் பக்கம் புளி வியாபாரியின் தொரட்டியைப் பிடித்தான். கொள்ளைக்காரன், "வுடுங்கடா என்னைய!" என்று கத்திக்கொண்டே வந்த வழியே போனான். மாமியார் அப்போதுதான் பாலை அடுப்பில் வைத்தார்.

டீ குடித்து முடித்ததும் மாமனார் பழைய பேச்சுக்கு வந்தார். "அப்ப அடுத்த வாரம் காரிமங்கலத்துல எறங்கிக்கறயாம்மா?"

"இல்லீங்கப்பா. அந்தத் திருடனுக்கு ஒரு தம்பி இருக்கறானாம், இவரு சொன்னாரு. அவனையும் ஒரு கை பாக்கணும்."

நான் அப்படிச் சொன்னதே இல்லை. அவனுக்குத் தம்பியும் இல்லை, குடும்பமும் இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல், முட்டாள் மாதிரி கடிகாரத்தைக் காட்டி, "பஸ்ஸுக்கு நேரமாச்சே" என்றேன்.

"வெடியால மொத வண்டிக்குப் போயிக்கறேன். துணி கெடந்தாக் கெடக்குது. பகடைய இப்படித் தள்ளுங்க" என்றாள்.

பகடையை அவள் பக்கம் தள்ளினேன்.

"ஒரு தம்பி இல்ல, ஏழு பேரு" என்றேன்.